பையன்களோடு சேர்ந்து மகள் ரக்பி ஆடுவது எந்த வயது வரை?

இங்கிலாந்தில் வசிக்கும் ஒரு அம்மா கேட்டிருக்கும் கேள்வி இது. மகள் ஆறு வயதிலிருந்து உள்ளூர் கிளப்பில் பையன்களோடு சேர்ந்து ரக்பி ஆடுகிறாள். இப்போது அண்டர் 11 அணியில் இருக்கிறாள். அணியிலேயே உயரமானவள், டாக்கிளில், அதாவது பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்துத் தரையில் வீழ்த்துவதில், யாருக்கும் சளைத்தவள் இல்லை. அடுத்த சீசனிலிருந்து பையன்கள் அணியில் ஆட முடியாது என்று கோச் சொல்லிவிட்டார். "இது சட்டமா, கிளப்பின் இஷ்டமா? எந்த வயது வரை சேர்ந்து ஆடலாம்?" என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: ஊரில் இருக்கும் பாட்டி, "வயசுக்கு வரப்போகிற பெண், இப்போதே நிறுத்து" என்கிறாராம்.

எனக்கு இதில் மூன்று கேள்விகள் தெரிகின்றன. விதி என்ன என்பது ஒன்று. நன்றாக ஆடுகிற ஒரு பிள்ளையைப் பெண் என்பதற்காக வெளியே அனுப்புவது நியாயமா என்பது இரண்டாவது. இப்போது அவள் ஆடிக்கொண்டிருப்பது பாதுகாப்பானதுதானா என்பது மூன்றாவது. அம்மா இரவில் விழித்துக்கொண்டு யோசிப்பது இந்த மூன்றாவதாகத்தான் இருக்கும். நான் இங்கே குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்டாகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு கிளப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு ரக்பி சொல்லிக்கொடுக்கிறேன். வழக்கறிஞர் இல்லை. உங்கள் மகளை நேரில் பார்த்ததும் இல்லை. அந்த வரம்புக்குள் நின்று சொல்கிறேன்.

விதியை முதலில் முடித்துவிடலாம், அது எளிது. இங்கிலாந்தில் ரக்பி யூனியன் ஆட்டத்தை நடத்துவது ஆர்.எஃப்.யூ என்ற சங்கம். பிள்ளைகள் ஆடும் ஆட்டம் முழுவதும் அதன் 15ஆம் ஒழுங்குவிதிக்குள் வருகிறது. அதன்படி பையன்களும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து ஆடுவது அண்டர் 11 வரை மட்டும். அண்டர் 12 தொடங்கி, டாக்கிள் உள்ள ஆட்டத்தில் இரு தரப்பும் தனித்தனி. பெண் பிள்ளைகளுக்கு அதன்பின் அண்டர் 12, அண்டர் 14, அண்டர் 16, அண்டர் 18 என்று இரண்டிரண்டு வயதாகச் சேர்த்த பிரிவுகள் இருக்கின்றன. ஆக இது உங்கள் கோச்சின் இஷ்டமும் இல்லை, கிளப்பின் இஷ்டமும் இல்லை. பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் கிளப் இதைத் தளர்த்த முடியாது. டாக்கிள் இல்லாத டேக், டச் ரக்பியில் இந்தத் தடை கிடையாது, அதை எந்த வயதிலும் சேர்ந்து ஆடலாம். ஸ்காட்லாந்திலும் ஏறக்குறைய இதே கோடுதான். அங்கே ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்போடு சேர்ந்து ஆடுவது முடிகிறது.

"அண்டர் 11" என்பதைப் பல பெற்றோர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். சீசன் தொடங்கும் ஆண்டின் ஆகஸ்ட் 31 நள்ளிரவில் பிள்ளைக்கு என்ன வயது என்பதுதான் கணக்கு. 2014 செப்டம்பரில் பிறந்த பெண்ணுக்கு 2025 ஆகஸ்ட் 31 அன்று 10 வயதுதான், எனவே 2025-26 சீசனில் அவள் அண்டர் 11. ஆனால் சீசன் தொடங்கியதுமே 11 முடிந்து, அந்த சீசன் முழுவதும் 11 வயதுப் பிள்ளையாகத்தான் பையன்களோடு ஆடுவாள். 2015 ஆகஸ்டில் பிறந்தவளும் அதே அணி, ஏறக்குறைய ஒரு வயது இளையவள். இந்தக் கணக்கு பள்ளி வகுப்போடு ஒத்துப்போகும்: அண்டர் 11 என்றால் ஆரம்பப் பள்ளியின் கடைசி வருடம், அண்டர் 12 என்றால் அதற்கடுத்த உயர்நிலைப் பள்ளியின் முதல் வருடம். பிறந்தநாள் அன்றைக்கு யாரும் வந்து மகளை அணியிலிருந்து எடுக்க மாட்டார்கள். அந்த சீசன் முடியும் வரை அவள் இடம் அவளுக்குத்தான்.

இப்போது சட்டம். பெண் என்பதற்காக ஒதுக்குவது பாகுபாடுதானே, எப்படி அனுமதிக்கிறார்கள் என்பது நியாயமான கேள்வி. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் 195ஆம் பிரிவு விளையாட்டுக்கென்று ஒரு விலக்கு தருகிறது. ஒரு பாலினத்தின் சராசரி ஆளுடைய பலம், தாக்குப்பிடிக்கும் திறன், உடலமைப்பு ஆகியவை மற்றப் பாலினத்தோடு போட்டியிடும்போது அவரைப் பின்தங்கவைக்கும் என்றால், அந்த விளையாட்டில் பிரித்து நடத்துவது குற்றமாகாது. முக்கியமான வரி அதற்கடுத்து வருகிறது: பிள்ளைகள் விஷயத்தில் அவர்களுடைய வயதையும் வளர்ச்சி நிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த வரிக்கு ஒரு பின்கதை உண்டு. 1978இல் தெரேசா பென்னட் என்ற சிறுமி, பையன்களோடு கால்பந்து ஆட விடவில்லை என்று வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அன்றைய சட்டம் "சராசரிப் பெண்" என்றுதான் பேசியது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உடலை வளர்ந்தவர்களின் அளவுகோலால் அளந்த மாதிரி ஆயிற்று. 2010 சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. அதனால்தான் இன்றைக்கு ஏழு வயதுப் பெண்ணை "பெண்கள் ஆடக்கூடாது" என்று ஒரு கிளப் திருப்பி அனுப்பினால், இந்த விலக்கைக் காட்டித் தப்பிப்பது கஷ்டம்.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதை எண்ணாகவே எழுதிவைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் 1984ஆம் ஆண்டுப் பாலினப் பாகுபாட்டுச் சட்டம், பலமும் உடலமைப்பும் முக்கியமான போட்டிகளில் ஒரு பாலினத்தை ஒதுக்க இடம் கொடுக்கிறது. ஆனால் 12 வயது நிரம்பாத பிள்ளைகளிடம் அந்தச் சலுகை செல்லாது என்கிறது. நியூசிலாந்தின் 1993ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டமும் அதே 12ஐத்தான் சொல்கிறது. தனித்தனியாக எழுதிய சட்டங்கள் ஏன் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன? அதற்குப் பதில் பிள்ளைகளின் எலும்பிலும் தசையிலும் இருக்கிறது. என் தொழில் அங்கேதான் தொடங்குகிறது.

பருவ மாற்றம் பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், பையன்களுக்கு 9 முதல் 14க்குள்ளும் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், எல்லாமே இயல்பு. உயரம் வேகமாக ஏறும் காலம் பெண்களுக்குச் சராசரியாக 12 வயதை ஒட்டியும், பையன்களுக்கு 14 வயதை ஒட்டியும் உச்சத்துக்கு வரும். இடையில் இருக்கிற அந்த இரண்டு வருடம்தான் உங்கள் கேள்வியின் மையம். பிரிட்டனின் வளர்ச்சி அட்டவணையைப் பார்த்தால், 12 வயதில் நடுத்தரமான பெண் சுமார் 151 செ.மீ., பையன் சுமார் 149 செ.மீ. பெண்ணே உயரம். 14 வயதுக்கு வந்தால் பையன் 163ஐத் தொட்டுவிடுவான், பெண் 160ஐ ஒட்டி நிற்பாள். முழுதாக வளர்ந்தபின் 177க்கு 164. உயரத்தில் தெரிவதைவிடப் பெரிய வித்தியாசம் தசையில் வருகிறது. பையன்களுக்குப் பலம் கூடும் வேகம், உயரத்தின் உச்சம் தாண்டிச் சில மாதங்கள் கழித்துத்தான் முழுதாக ஏறும், அதுவும் தோள், மார்பு, கழுத்துப் பகுதியில் அதிகம். டாக்கிளில் அடி கொடுப்பதும் வாங்குவதும் அந்தப் பகுதிதான்.

இதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகளின் நிலைமை புரியும். அவள் உயரமாகவும் பலமாகவும் இருப்பது விதிவிலக்கே இல்லை. 10, 11 வயதில் பல கிளப்களில் அணியிலேயே பெரிய பிள்ளை ஒரு பெண்ணாகத்தான் இருப்பாள். கோடு போட்டிருக்கும் இடத்தில் நின்று பார்த்தால், பாதுகாப்பு தேவைப்படுவது எதிரே நிற்கும் பையனுக்குத்தானோ என்று தோன்றும்! ஆனால் அந்தக் கோடு இன்றைய மகளைப் பார்த்துப் போட்டதில்லை. அவள் எதிரே 13, 14 வயதில் வந்து நிற்கப்போகிறவனைப் பார்த்துப் போட்டது. அவன் எந்த மாதத்தில் அப்படி ஆவான் என்று யாராலும் சொல்ல முடியாது. சிலர் 12இலேயே ஆகிவிடுவார்கள், கோடை விடுமுறைக்குப் போய்த் திரும்பும்போது வேறு ஆளாக வந்து நிற்பார்கள். அதனால் விதி அந்த மாற்றத்துக்குச் சற்று முன்னாலேயே, பள்ளி மாறுகிற இயல்பான இடைவெளியில் நிற்கிறது. அமலாகிற நாளில் அநியாயமாகத் தெரியும், இரண்டு வருடம் போனபின் அர்த்தம் தெரியும் என்ற வகை விதி இது. என் கருத்தைக் கேட்டால், டாக்கிள் உள்ள ஆட்டத்துக்கு இந்தக் கோடு சரி என்றே சொல்வேன்.

ஆனால் எதிர்வாதத்தையும் சொல்லாமல் விடக்கூடாது, அதில் சத்து இருக்கிறது. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கமும் ஒரு காலத்தில் 11இலேயே நிறுத்தியது, பிறகு படிப்படியாக உயர்த்தி இப்போது அண்டர் 18 வரை சேர்ந்து ஆட அனுமதிக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2004இல், அந்த நாட்டுக் கால்பந்தை ஆடிய மூன்று சிறுமிகள் தங்களை ஒதுக்கியதை எதிர்த்துத் தீர்ப்பாயம் போனார்கள். 14 வயதை எட்டிய பிறகுதான் பலத்தின் வித்தியாசம் ஒதுக்குவதை நியாயப்படுத்துகிறது என்ற பக்கம் தீர்ப்பு சாய்ந்தது. அதுவும் உடலோடு உடல் மோதும் ஆட்டம்தான். அப்படியானால் ரக்பியில் ஏன் 12 என்று கேட்டால், என் பதில் இது: ரக்பியில் டாக்கிள் எப்போதாவது நடக்கும் விபத்து இல்லை, ஆட்டமே அதுதான். ஆட்டத்தில் ஏற்படும் காயங்களில் ஏறக்குறைய பாதி டாக்கிளில்தான் வருகிறது, எந்த மட்டத்தில் எடுத்தாலும் இதுதான் நிலவரம். ஆனாலும் 12க்குப் பதில் 13 என்று வைத்தால் என்ன கெட்டுவிடும் என்று என்னை மடக்கினால், அறிவியல் ஆதாரம் காட்டி என்னால் மறுக்க முடியாது. வளர்ச்சி அட்டவணை ஒரு சரிவைத்தான் காட்டுகிறது. அதில் எங்கே கோடு போடுவது என்பது மனிதர்கள் எடுக்கும் முடிவு.

சரி, இந்த சீசன் பாதுகாப்பானதுதானா? நிச்சயமாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். பருவ மாற்றத்துக்கு முன்னால் பையனுக்கும் பெண்ணுக்கும் உடல் பலத்தில் இருக்கும் வித்தியாசம் சிறியது. அதே வயதுப் பையன்களுக்குள்ளேயே இருக்கும் வித்தியாசம் அதைவிட எத்தனையோ மடங்கு பெரியது. ஒரே அண்டர் 11 அணியில் ஒருவன் இன்னொருவனைப் போல இரண்டு மடங்கு எடை இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். எனவே உங்கள் மகளுக்கு ஆபத்து என்று ஒன்று இருந்தால், அது எதிரில் இருப்பது பையன் என்பதால் வருவதைவிட, எதிரில் இருப்பவரின் எடை, வேகம், டாக்கிள் பழக்கம் இவற்றால் வருவதுதான் அதிகம். நல்ல கோச் பயிற்சியில் பிள்ளைகளை ஜோடி சேர்க்கும்போது பெயரையோ பாலினத்தையோ பார்க்க மாட்டார், தோளைத்தான் பார்ப்பார்.

ஆட்டமும் படிப்படியாகத்தான் கடினமாகிறது. அண்டர் 7இல் நான்கு பேர், அண்டர் 8இல் ஆறு பேர், இரண்டுமே டேக்: இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையைப் பிடுங்கினால் போதும். அண்டர் 9இல்தான் டாக்கிள் வருகிறது, அணிக்கு ஏழு பேர். அண்டர் 10இல் எட்டு, அண்டர் 11இல் ஒன்பது. பந்துக்காக இரு அணியும் கூடி நெருக்கும் ரக், ஸ்க்ரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்கின்றன. 15 பேர் ஆட்டம் இதற்கெல்லாம் பிறகு. 2023-24 சீசனிலிருந்து இங்கிலாந்தின் கிளப் ஆட்டங்களிலும் பிள்ளைகள் ஆட்டங்களிலும் டாக்கிள் உயரத்தை மார்பெலும்பின் அடிக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். தலையும் தலையும் மோதுவதைக் குறைக்க எடுத்த முடிவு அது.

டாக்கிளை எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று நீங்கள் ஒரு நாள் மைதான ஓரத்தில் நின்று பாருங்கள், பயம் பாதி குறையும். முதல் வாரங்களில் இரண்டு பிள்ளைகளுமே முழங்காலில் நிற்பார்கள். ஒருவர் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு மெதுவாக நகர்வார். மற்றவர் கண்ணை அவருடைய கால்சட்டையில் நிறுத்த வேண்டும், முகத்தில் இல்லை. தோள் தொடையில் பட வேண்டும், கன்னம் அவருடைய பின்பக்கத்தோடு ஒட்டியிருக்க வேண்டும், பந்து வைத்திருப்பவர் விழப்போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தன் தலை இருக்க வேண்டும், இரண்டு கையும் காலைச் சுற்றிப் பூட்ட வேண்டும். விழுகிறவருக்கும் பாடம் உண்டு: பந்தைப் பிடித்தபடி தாடையை நெஞ்சுக்கு ஒட்டவைத்து, இடுப்பு, தோள் என்று வரிசையாகத் தரையில் சாய வேண்டும், கையை நீட்டி ஊன்றக் கூடாது. இது சரியாக வந்தபின்தான் ஒருவர் நிற்பார், பிறகு நடப்பார், பிறகு ஓடுவார். எட்டு ஒன்பது வயதிலிருந்து இந்தப் படியெல்லாம் ஏறி வந்த உங்கள் மகள், 13 வயதில் முதல்முறையாகக் கிளப்புக்கு வரும் ஒரு பெண்ணைவிட நிச்சயம் பாதுகாப்பாக விழுவாள். என்னைப் பொறுத்தவரை சின்ன வயதில் சேர்ந்து ஆடவிடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இப்போது சந்தேகமான பகுதி. 12 வயதுக்குக் கீழே சேர்ந்து ஆடும் அணிகளில், பெண் பிள்ளைகளுக்குக் காயம் அதிகமா குறைவா என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆய்வுகள் சேரவில்லை. ரக்பிக் காயங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்களையும் பதின்வயதுப் பையன்களையும் பற்றியவை. நல்ல உதாரணம், இப்போது ஆக்டிவேட் என்ற பெயரில் கிளப்களில் செய்யச் சொல்லும், ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றும் பயிற்சி. இங்கிலாந்துப் பள்ளிகளில் 14 முதல் 18 வயதுப் பையன்களிடம் அதைச் சோதித்தார்கள். வாரத்துக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் 72 சதவீதமும், தலையில் அடிபட்டு ஏற்படும் மூளை அதிர்ச்சி 59 சதவீதமும் குறைந்தன. அருமையான முடிவு. நான் என் பிள்ளைகளுக்கும் அதையே செய்யவைக்கிறேன். ஆனால் 11 வயதுப் பெண்ணுக்கும் அதே அளவு பலன் கிடைக்கும் என்று அந்த எண்ணைக் காட்டி உங்களிடம் சொல்ல மாட்டேன். அதே மாதிரி, 2016இல் எழுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களும் ஆய்வாளர்களும் பள்ளி ரக்பியில் டாக்கிளையே தடை செய்யச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். பிரிட்டனின் தலைமை மருத்துவ அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. இரு பக்கமும் படித்தவர்கள், இரு பக்கமும் அக்கறை உள்ளவர்கள். டாக்கிளே வேண்டாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால் அதை நான் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். டேக் ரக்பி தொடரலாம், அதில் ஓட்டமும் பாஸும் அத்தனையும் இருக்கிறது.

பருவ மாற்றத்துக்குப் பிறகு பெண்களுக்கு இரண்டு விஷயங்களில் கூடுதல் கவனம் வேண்டும், இதில் ஆதாரம் வலுவாக இருக்கிறது. ஒன்று முழங்கால். ஏ.சி.எல் என்ற தசைநார் கிழிவது, பதின்வயதில் பெண்களுக்குப் பையன்களைவிடக் கணிசமாக அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடங்காமல் பழக்குவதும், தொடையின் பின்தசையைப் பலப்படுத்துவதும் அதைக் குறைக்கும். இரண்டாவது கழுத்தும் தலையும். பெண்கள் ரக்பியில் தலை தரையில் மோதுவதால் வரும் அடி ஆண்கள் ஆட்டத்தைவிட முக்கியமான பங்கு வகிக்கிறது, அதனால் விழும் முறையும் கழுத்துப் பயிற்சியும் தள்ளிப்போடக் கூடாதவை. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே உடனே வெளியே உட்காரவைக்க வேண்டும். 2023இல் வந்த பிரிட்டன் அரசின் வழிகாட்டுதல்படி, குறைந்தது 21 நாள் கழித்துத்தான் போட்டிக்குத் திரும்பலாம், அதுவும் எல்லாத் தொந்தரவும் நின்றிருந்தால் மட்டும். முக்கியமான போட்டி இருக்கிறது என்று எந்தக் கோச் அவசரப்படுத்தினாலும் கேட்காதீர்கள்.

பாட்டி சொல்வதற்கு வருகிறேன். அவர் பயம் அன்பில் வருவது, அதை அப்படியே மதிக்கிறேன். ஆனால் உடலியல் அவர் பக்கம் இல்லை. முதல் மாதவிடாய் இந்த நாட்டில் சராசரியாக 13 வயதை ஒட்டி வருகிறது, உயரம் வேகமாக ஏறும் காலம் உச்சத்தைத் தாண்டிய பிறகுதான் அது வரும். அதாவது நம் வீடுகளில் "வயசுக்கு வந்துவிட்டாள்" என்று மைதானத்திலிருந்து பெண்ணை அழைத்துக்கொள்ளும் அந்த நேரம், அவள் எலும்புக்கு ஓட்டமும் குதியும் மிகத் தேவைப்படும் நேரம். வயதான பிறகு எலும்பு தேயாமல் இருப்பதற்கான சேமிப்பு பெரும்பாலும் இந்தச் சில வருடங்களில்தான் சேர்கிறது. மாதவிடாய் நாட்களில் ஆடுவதற்கு மருத்துவத் தடை எதுவும் இல்லை. அவளுக்கு வலி இருந்தால், விருப்பம் இல்லாவிட்டால் அன்று ஓய்வெடுக்கட்டும், அவ்வளவுதான். பெண்கள் இந்த வயதில் விளையாட்டை விடுவதற்குக் காரணம் பல நேரம் இதைவிடச் சின்னதாக இருக்கும்: வெள்ளைக் கால்சட்டை, பூட்டு இல்லாத உடைமாற்றும் அறை, சரியான ஸ்போர்ட்ஸ் பிரா இல்லாமல் ஓடக் கூச்சம். 2023இல் அயர்லாந்து தேசியப் பெண்கள் அணியே மாதவிடாய்க் கவலையைக் காரணம் காட்டி வெள்ளைக் கால்சட்டையைக் கைவிட்டு கருநீலத்துக்கு மாறியது. நாட்டுக்காக ஆடுகிறவர்களுக்கே அந்தக் கவலை இருந்ததென்றால், 12 வயதுப் பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்லாமல் "எனக்கு ரக்பி போரடிக்கிறது" என்பதில் என்ன ஆச்சரியம்? பாட்டியிடம் போனில் பேசும்போது இதையும் சொல்லுங்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இடத்தில். 11 வரை சேர்ந்து ஆடவைத்துவிட்டு, 12இல் "இனி நீ பெண்கள் அணிக்குப் போ" என்று சொல்லும் கிளப்பில், பல நேரம் அந்தப் பெண்கள் அணியே இருப்பதில்லை. இருந்தாலும் ஆறு ஏழு பேர், ஒரே ஒரு தன்னார்வக் கோச், மாதத்துக்கு ஒரு போட்டி, அதற்கும் ஒரு மணி நேரம் காரில் போக வேண்டும். பையன் அதே கிளப்பில், அதே நண்பர்களோடு, அதே ஞாயிறு காலையில் தொடர்கிறான். கோடு நியாயமானது என்று வாதாடுகிற நாம் எல்லோரும், கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மைதானம் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். எமிலி ஸ்கேரட் லெஸ்டர் பகுதியில் ஒரு சாதாரணக் கிளப்பில் 12 வயது வரை பையன்களோடு ஆடியவர், பிறகு பெண்கள் அணிக்குப் போய் 2014இல் இங்கிலாந்துக்காக உலகக் கோப்பை வென்றார், 2019இல் உலகின் சிறந்த வீராங்கனை ஆனார். 2025 செப்டம்பரில் ட்விக்கனம் மைதானத்தில் இங்கிலாந்து கனடாவை 33-13 என்று வென்று மீண்டும் உலகக் கோப்பையைத் தூக்கியபோது 81,885 பேர் நேரில் பார்த்தார்கள். உச்சியில் இத்தனை கூட்டம் இருக்கிறது. உங்கள் ஊரில் அண்டர் 12 பெண்கள் அணி இருக்கிறதா என்பதுதான் உங்கள் மகளுக்கு வேண்டியது.

அதனால் சீசன் முடியும் வரை காத்திருக்காதீர்கள், இப்போதே வேலையைத் தொடங்குங்கள். அண்டர் 12 பெண்கள் பிரிவு இரண்டு வயதைச் சேர்த்தது என்பதால், அண்டர் 11 வயதுப் பெண்களும் அதில் வருகிறார்கள். உங்கள் மகள் இந்த சீசனில் பையன்களோடு ஆடிக்கொண்டே, பெண்கள் அணியோடும் பயிற்சிக்குப் போக முடியுமா என்று கிளப்பின் பெண்கள் பிரிவைக் கவனிக்கும் ஆளிடம் கேளுங்கள். அப்படிச் செய்தால் செப்டம்பரில் அவள் போகிற இடம் புதிய இடமாக இருக்காது. உங்கள் கிளப்பில் போதிய பெண்கள் இல்லாவிட்டால், பக்கத்துக் கிளப்களோடு சேர்ந்து கூட்டு அணி அமைக்க வழி இருக்கிறது, பல இடங்களில் அப்படித்தான் ஆடுகிறார்கள். உங்கள் மாவட்ட ரக்பி அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் அருகில் எங்கே பெண்கள் அணி இருக்கிறது என்று சொல்வார்கள். விதிகள் சீசனுக்கு சீசன் திருத்தப்படுவதால், அந்த சீசனுக்கான 15ஆம் ஒழுங்குவிதியை ஆர்.எஃப்.யூ இணையதளத்தில் நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள், யாரோ சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

புது அணிக்கு முதல் நாள் போகும்போது நான்கு விஷயம் கேளுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு டாக்கிளை முழங்காலில் இருந்தே தொடங்குகிறார்களா, ஏனென்றால் பெண்கள் அணியில் பாதிப் பேருக்கு அனுபவம் இருக்காது, அனுபவம் இல்லாதவர் டாக்கிள் செய்தால் இருவருக்குமே அடி. கோச்சுக்குத் தலைக்காயம் பற்றிய பயிற்சி உண்டா. எடையும் அனுபவமும் பார்த்து ஜோடி சேர்க்கிறார்களா, இரண்டு வயது கலந்த அணியில் இது பையன்கள் அணியைவிட முக்கியம். உடைமாற்றத் தனி அறை இருக்கிறதா. பல் காப்புக்கு பல் மருத்துவரிடம் அளவு எடுத்துச் செய்தால் நல்லது, ஆனால் இந்த வயதில் பல் வரிசை மாறிக்கொண்டே இருப்பதால், வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமாக்கும் மலிவான வகையை வாங்கி, அது பொருந்தாமல் போனதும் மாற்றுங்கள். மகளுக்கு ஏற்கெனவே முழங்கால், முதுகு வலி இருந்தாலோ, முன்பு தலையில் பலமாக அடிபட்டிருந்தாலோ, நான் இங்கே எழுதியதை வைத்து எதையும் முடிவு செய்யாமல் நேரில் ஒரு மருத்துவரிடமோ பிசியோவிடமோ காட்டுங்கள்.